சர்க்கரை திடீரென்று குறைந்தால்: முன்சூல்வலிப்பு, இன்சுலின், குழந்தையின் எடை

கர்ப்ப காலச் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு 32-ஆவது வாரத்தில் நாளுக்கு 30 யூனிட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 34-ஆவது வாரத்திலும் அதே சாப்பாடு, அதே ஊசி. ஆனால் சாப்பாட்டுக்கு முன் பார்த்தால் சர்க்கரை 60, 65 என்று இறங்கிக் கிடக்கிறது. கை நடுங்குகிறது, வேர்க்கிறது. ஊசியை 22 யூனிட்டாகக் குறைக்கிறார்கள். அப்போதும் ஏறவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "சுகர் நல்லா கொறஞ்சிருச்சு ஆத்தா, இனிப் பயமில்ல" என்று பெண் தாய்க்குப் போன் போட்டுச் சொல்கிறாள்.

நிம்மதி அடைவதற்கு முன் அன்றைக்கே பார்க்க வேண்டியவை மூன்று: இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், வயிற்றுக்குள் குழந்தையின் வளர்ச்சி. கர்ப்பத்தில் தாயின் சர்க்கரையை ஏற்றிவிடுவது நஞ்சுக்கொடி. உணவும் ஊசியும் மாறாமல் இருக்கையில் சர்க்கரை மட்டும் இறங்கினால், நஞ்சுக்கொடி தளர்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். நஞ்சுக்கொடி தளர்வதும் பிரஷர் ஏறுவதும் பல நேரம் முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்ளாம்ப்சியா) என்ற ஒரே நோயின் இரு முகங்கள்.

செட்டிநாட்டில் இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து பெண் பிறந்த ஊருக்குப் போகிறாள். தேவகோட்டையில் வாக்கப்பட்டவள் பொன்னமராவதிக்குப் போனால் சிவகங்கை மாவட்டம் போய்ப் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடுகிறது. செவிலியர், மருத்துவர், ஸ்கேன் எடுக்கும் இடம் எல்லாம் மாறுகின்றன. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. முன்சூல்வலிப்பு தலைகாட்டுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசி மாதங்களில்தான். புது மருத்துவரின் கையில் இன்றைய அளவு இருக்கும். போன மாதத்து அளவு பழைய ஊர் ஃபைலில் கிடக்கும். இந்த நோயில் ஒற்றை அளவு அதிகம் சொல்வதில்லை. ஏற்றமும் இறக்கமும்தான் சொல்லும்.

நஞ்சுக்கொடியின் இரண்டு வேலைகள்

நஞ்சுக்கொடி குழந்தைக்கு உணவு கடத்துகிறது என்பது தெரிந்ததே. அது ஒரு ஹார்மோன் சுரப்பி என்பது அவ்வளவு தெரிந்ததல்ல. மனித நஞ்சுக்கொடி லாக்டோஜன் என்ற ஹார்மோனை மட்டும், பிரசவம் நெருங்கும் நாட்களில், நாளுக்கு ஏறத்தாழ 1 கிராம் சுரக்கிறது. இன்சுலினோ குளுக்ககானோ சுரக்கும் அளவோடு ஒப்பிட்டால் இது மலைப்பான அளவு. இதோடு நஞ்சுக்கொடியின் வளர்ச்சி ஹார்மோன், புரோஜெஸ்டிரோன், தாயின் கார்ட்டிசால் எல்லாம் சேர்ந்து தாயின் தசையையும் கொழுப்பையும் இன்சுலினுக்கு மசியாதவையாக ஆக்குகின்றன. கடைசி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் காட்டும் இணக்கம் கர்ப்பத்துக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே போகிறது. கணையம் 2 முதல் 3 மடங்கு இன்சுலின் சுரந்து ஈடுகட்டுகிறது. ஈடுகட்ட முடியாதபோது கர்ப்ப காலச் சர்க்கரை வருகிறது.

இந்த இன்சுலின் எதிர்ப்பு நோயல்ல, ஓர் ஏற்பாடு. தாய் சர்க்கரையைத் தானே எரிக்காமல் கொழுப்பை எரித்து, சர்க்கரையைக் குழந்தைக்கு விட்டுவைக்கிறாள். சர்க்கரை க்ளூட்-1 என்ற கடத்திப் புரதத்தின் வழியாக, அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தானாகப் போகிறது. அமினோ அமிலங்களை நஞ்சுக்கொடி செலவு செய்து ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. ஏறத்தாழ 12-ஆவது வாரத்திலிருந்து குழந்தை தன் கணையத்தில் சுரக்கும் இன்சுலினும், ஐஜிஎஃப்-1, ஐஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணிகளும்தான் அதை வளர்க்கின்றன.

இனி நோய்க்கு வருவோம். கர்ப்பத்தின் முதல் பாதியில் கரு செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் தமனிகளின் தசைச் சுவரைக் கரைத்துப் பல மடங்கு அகலப்படுத்த வேண்டும். அது அரைகுறையாக நின்றுவிடுவதுதான் முன்சூல்வலிப்பின் தொடக்கம், குறிப்பாக 34 வாரத்துக்கு முன் வரும் வகையில். நம் ஊருணிகளின் வரத்துக்கால் அகலமாக இருந்தால் தண்ணீர் நிதானமாக வந்து நிறையும். கால் குறுகினால் பீறிட்டு வந்து கரையை அரிக்கும், நிறையவும் செய்யாது. குறுகிய தமனியிலும் அதுவே நடக்கிறது. வேகமாகப் பீறிடும் இரத்தம் நஞ்சுக்கொடியின் மெல்லிய கிளைகளைச் சிதைக்கிறது. போய்ச்சேரும் மொத்த அளவோ குறைகிறது.

நெருக்கடிக்குள்ளான நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்தில் சில புரதங்களை விடுகிறது. அவற்றில் முக்கியமானது எஸ்எஃப்எல்டி-1. இது இரத்தக்குழாயின் உள்ளுறையைப் பேணும் பிஎல்ஜிஎஃப் என்ற காரணியைப் பிடித்து முடக்கிவிடும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சியின் குழு 2003-இல் இதை வெளிக்கொண்டுவந்தது. அதிலிருந்து பிறந்த இரத்தப் பரிசோதனை இன்று பெரிய ஊர்களில் கிடைக்கிறது. எஸ்எஃப்எல்டி-1-ஐ பிஎல்ஜிஎஃப்-ஆல் வகுத்தால் வரும் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் முன்சூல்வலிப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு. பிரஷர் எல்லையில் நிற்கும் பெண்ணை ஊருக்கு அனுப்பலாமா, மருத்துவமனையில் வைக்கலாமா என்று முடிவெடுக்க இது உதவும். எல்லோருக்கும் எடுக்கும் சோதனை அல்ல.

இன்சுலின் எதிர்ப்பு எங்கே வந்து சேர்கிறது

இரத்தக்குழாயின் உள்ளுறையில் இன்சுலினுக்கு இரண்டு வழிகள். ஒன்றில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து குழாய் விரியும். மற்றொன்றில் எண்டோதெலின் சுரந்து குழாய் சுருங்கும். இன்சுலின் எதிர்ப்பில் அடைபடுவது முதல் வழி மட்டும்தான். இரண்டாவது திறந்தே இருக்கிறது. கணையம் அதிக இன்சுலினைக் கொட்டும்போது சுருக்கும் வழியே ஓங்குகிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிறது. ட்ரைகிளிசரைடு சாதாரணக் கர்ப்பத்திலேயே 2 முதல் 3 மடங்கு ஏறும். முன்சூல்வலிப்பில் அதற்கும் மேலே போய் உள்ளுறையைப் புண்ணாக்குகிறது. அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் ஆகியோருக்கு முன்சூல்வலிப்பு அதிகம் வருகிறது. நமக்கு எடையின் எல்லையும் தாழ்வானது. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடற்பருமன்.

இங்கே ஒரு முரண் தென்படும். முன்சூல்வலிப்புக்கு முன்னோடி இன்சுலின் எதிர்ப்பு என்றால், நோய் வரும்போது இன்சுலின் தேவை எப்படிக் குறையும்? விடை காலத்தில் இருக்கிறது. முன்பே இருந்த இன்சுலின் எதிர்ப்பு தாயுடையது. கர்ப்பத்தில் அதன் மேல் ஏறும் கூடுதல் பங்கு நஞ்சுக்கொடியுடையது. நஞ்சுக்கொடி தளரும்போது இந்தக் கூடுதல் பங்கு மட்டும் கழிகிறது. தாமதமாக வரும் முன்சூல்வலிப்பில், நஞ்சுக்கொடி ஓரளவு நன்றாகவே இருக்கும் பெண்களில், சர்க்கரை இறங்காமல் ஏறவும் செய்யும். ஆகவே இன்சுலின் தேவை குறைவது ஓர் எச்சரிக்கை. குறையாமல் இருப்பது நற்சான்று ஆகாது.

34 வாரத்துக்கு முன் வருவது, பின் வருவது என்ற பிரிவு வயிற்றுப் பிள்ளைக்கும் பொருந்தும். முதல் வகையில் குழந்தை பெரும்பாலும் சிறுத்திருக்கும். இரண்டாவதில் சராசரி எடையோ அதற்கு மேலோ இருக்கலாம்.

இந்த நோயில் லெப்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. இன்சுலினுக்கு உடலை இணங்கவைக்கும் அடிபோனெக்டின் குறையும் என்று எதிர்பார்த்தால், பல ஆய்வுகளில் ஏறியே இருந்தது. ஈடுகட்டும் முயற்சியாக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஐஜிஎஃப்-1 ஐப் பிடித்துவைக்கும் கட்டுப்புரதம்-1 ஏறும்போது வளர்ச்சிக்குக் கிடைக்கும் ஐஜிஎஃப் குறைகிறது. நோயைப் புரிந்துகொள்ள இவை எல்லாம் உதவுகின்றன. ஆனால் லெப்டின் அளவு, அடிபோனெக்டின் அளவு, ஹோமா-ஐஆர் (இன்சுலின் எதிர்ப்பைக் கணக்கிடும் எண்) என்று லேபில் காசு கட்டிப் பார்ப்பதில் கர்ப்பிணிக்கு எந்தப் பயனும் இல்லை. கர்ப்பத்தில் ஹோமா-ஐஆருக்கு எல்லோரும் ஏற்ற எல்லை அளவு கிடையாது. அந்தப் பணத்தில் சரியான அளவுப் பட்டையோடு ஒரு பிபி மெஷின் வாங்கலாம்.

வயிற்றுக்குள் பட்டினி

வரத்து குறைந்த குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. சர்க்கரையும் ஆக்சிஜனும் குறையும்போது குழந்தையின் உடலில் நார்அட்ரினலின் ஏறுகிறது. அது குழந்தையின் கணையத்தை அடக்கி இன்சுலினைக் குறைக்கிறது. இன்சுலின் குறைய ஐஜிஎஃப்-1 குறைகிறது, கார்ட்டிசால் ஏறுகிறது. வளர்ச்சியை விட்டுக்கொடுத்து உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடப்படுகிறது. கல்லீரலில் கிளைக்கோஜன் சேராததால் வயிற்றுச் சுற்றளவு முதலில் குறைகிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவதால் குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்து பனிக்குட நீரும் குறைகிறது.

இதை உணர்ந்தால் வீட்டில் நடக்கும் ஒரு தவறு புரியும். ஸ்கேனில் "வெயிட் கம்மி" என்று வந்ததும் பெண்ணுக்கு நெய்யும் கும்மாயமும் கந்தரப்பமும் கூடுகின்றன; கவுனி அரிசி சர்க்கரையும் தேங்காயும் சேர்ந்து கிண்ணத்தில் வருகிறது. "தண்ணி கம்மி" என்றால் இளநீர் வரிசை கட்டுகிறது. மெலிந்து, சாப்பாடு போதாமல் இருக்கும் தாய்க்குச் சத்துணவு கூட்டினால் குழந்தைக்கு நிச்சயம் நல்லது. ஆனால் தமனி குறுகியதால் சிறுத்த குழந்தைக்கு, தாயின் தட்டில் கூடும் இனிப்பு போய்ச் சேராது. தாயின் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும்தான் ஏறும். அதே போல, சர்க்கரைக்குப் பயந்து இரவுச் சாப்பாட்டை விடுவதும் தவறு. மூன்று வேளையும் இடையில் இரண்டு சிற்றுண்டியும், ஒவ்வொன்றிலும் பயறு, முட்டை, மீன், மோர் என்று ஏதாவது ஒரு புரதமும் இருக்கட்டும். இடியாப்பம் மூன்று என்றால் அதனுடன் சொதி மட்டும் போதாது, பருப்போ முட்டையோ வேண்டும். கவுனி அரிசி உமிநீங்கிய முழுத் தானியம்தான். வெந்த அரை கிண்ணத்தில், இனிப்பில்லாமல் என்றால் தடையில்லை. பண்டிகைக் கிண்ணம் வேறு.

சிறுநீரில் புரதம் வந்திருப்பதைப் பேச்சில் "உப்பு இருக்கு" என்று சொல்வதால் சமையலில் உப்பை அடியோடு நிறுத்துவதும் நடக்கிறது. உப்பைக் குறைத்தால் முன்சூல்வலிப்பு தடுபடாது. உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாயைக் குறைப்பது பொதுவாக நல்லது, அதோடு நிற்கட்டும்.

சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த பெண்ணின் ஸ்கேனில் தவறிப்போக எளிதான ஓர் இடம் உண்டு. தாயின் அதிக சர்க்கரை குழந்தையைப் பெருக்க வைக்கிறது, தளரும் நஞ்சுக்கொடி சிறுக்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் எடை "நார்மல்" என்று வரும். எடை குறைந்ததிலிருந்து எண்ணினால், 28 வாரத்தில் 100 குழந்தைகளில் 80-ஆவது இடத்தில் இருந்தது 34 வாரத்தில் 35-ஆவது இடத்துக்கு வந்திருந்தால் அறிக்கையில் சிவப்பு எழுத்து எதுவும் இருக்காது. பழைய ஸ்கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே சரிவு தெரியும். நம் குழந்தைகளிடம் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புனேயில் சி.எஸ். யாஜ்னிக் குழு கண்டது போல, இந்தியக் குழந்தைகள் எடையில் சிறியவை, ஆனால் கொழுப்பை அந்த அளவு இழப்பதில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தது. எடையை மட்டும் பார்த்துக் குழந்தையின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

ஒரே தாளில்

20 வாரத்துக்குப் பின் 140/90 அல்லது அதற்கு மேல், 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை இருந்து, சிறுநீரில் 24 மணி நேரத்தில் 300 மி.கி. புரதம் போனால் முன்சூல்வலிப்பு. புரதம் இல்லாவிட்டாலும் தட்டணுக்கள் 1 லட்சத்துக்குக் கீழ், கிரியாட்டினின் 1.1-க்கு மேல், கல்லீரல் என்சைம்கள் இருமடங்கு, நுரையீரலில் நீர், அடங்காத தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அதுவே. 160/110 என்றால் உடனே மருந்து கொடுத்து இறக்க வேண்டிய அவசரம்.

அளக்கும்போது 5 நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தவளின் மேலே இருக்கும் கையில் அளந்தால் அளவு பொய்யாகக் குறையும். மேல்கைச் சுற்று 33 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய பட்டை வேண்டும். சிறிய பட்டை பொய்யாகக் கூட்டிக் காட்டும். 24 வாரத்துக்குப் பின் வயிற்று உயரம் செ.மீ.யில் வாரக் கணக்கை ஒட்டி வரும். 3 செ.மீ. குறைந்தால் ஸ்கேன். வளர்ச்சி ஸ்கேன்களுக்கு இடையில் 2 வாரமாவது வேண்டும். அதற்குள் எடுத்தால் வளர்ச்சியா, அளவுப் பிழையா என்று சொல்ல முடியாது. தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை அவசியப்பட்டால் அடிக்கடி எடுக்கலாம். அதில் இதய ஓய்வு நேர ஓட்டம் நின்றுபோனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இரத்தம் திரும்பிப் பாய்ந்தால் 32 வாரத்துக்கு அப்பால் காத்திருப்பதில்லை.

இந்த அளவுகளோடு அன்றாட இன்சுலின் யூனிட்டையும் அதே தாளில், தேதி வாரியாக எழுத வேண்டும். மூன்றாம் பருவத்தின் உச்ச அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் தேடத் தொடங்கலாம். முதலில் சாதாரணக் காரணங்கள்: வாந்தி, சாப்பிடாமை, ஊசியின் அளவு மாறியது, 36 வாரத்துக்குப் பின் இயல்பாக வரும் சிறு இறக்கம். இவை இல்லை என்றால் நஞ்சுக்கொடி. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இன்சுலின் உடலில் நீடிப்பதாலும், கல்லீரல் தளர்ந்து சர்க்கரை விடாததாலும் இறங்கலாம். ஆகவே கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, தட்டணு மூன்றும் அன்றே. இன்சுலின் குறைந்தது ஒன்றை மட்டும் வைத்துப் பிரசவத்தை முன்தள்ளக் கூடாது.

மருந்துகளும் இந்தக் கணக்கைக் கலைக்கும். முன்கூட்டிப் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலுக்காக டெக்சாமெத்தசோன் 6 மி.கி. 12 மணி நேரத்துக்கொரு முறை 4 ஊசி போட்டால், சர்க்கரை சில மணி நேரத்தில் ஏறிச் சில நாட்கள் நிற்கும். இன்சுலினைக் கூட்ட வேண்டும். பிறகு வரும் இறக்கத்தை நஞ்சுக்கொடியின் தளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. பிரஷர் மருந்தான லாபெட்டலால் தாழ்சர்க்கரையின் படபடப்பை மறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. நிஃபெடிபினும் மெத்தில்டோபாவும் மாற்று. எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகைகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது. மெட்ஃபார்மின் நஞ்சுக்கொடியைத் தாண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு இன்சுலினோடு அதைச் சேர்த்துக் கொடுத்து 2020-இல் வெளியான ஆய்வில் சிறுத்த குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தன. குழந்தை ஏற்கெனவே சிறுத்திருந்தால் அதைத் தொடர்வதா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வலிப்பைத் தடுப்பது மெக்னீசியம் சல்பேட். 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் அது வலிப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது. காரைக்குடியிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது முதல் அளவைப் போட்டுவிட்டே 108-இல் ஏற்ற வேண்டும்: 4 கிராம் நரம்பில் மெதுவாக, ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் ஆழமாக, மொத்தம் 14 கிராம். முழங்கால் துடிப்பு இருக்கிறதா, மூச்சு எத்தனை, மணிக்கு 30 மி.லி. சிறுநீராவது வருகிறதா என்று பார்த்தபின்தான் அடுத்த அளவு. மெக்னீசியத்துக்கு முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. ஊசி பக்கத்திலேயே இருக்க வேண்டும். பரிந்துரைச் சீட்டில் போட்ட நேரத்தை எழுதாமல் அனுப்பினால், போய்ச்சேரும் இடத்தில் இரண்டாவது முறை போட்டுவிடும் ஆபத்து உண்டு.

முன்பே செய்யக்கூடியது

ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் 150 மி.கி., இரவில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை. 2017-இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களிடம் 37 வாரத்துக்கு முன் வரும் முன்சூல்வலிப்பு 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. நிறைமாதத்தில் வருவது அப்படிக் குறையவில்லை. நஞ்சுக்கொடி பதியும் காலத்தில்தான் ஆஸ்பிரினுக்கு வேலை என்பது ஒரு கருத்து; எல்லோருக்கும் ஒரே காலத்தில் தொடங்கிய இந்த ஆய்வு அதை நிரூபிக்கவில்லை. 16 வாரத்துக்குப் பின் தொடங்கினால் பலன் குறையலாம் என்று சில ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. ஆகவே கர்ப்பத்தை மருத்துவமனையில் முதல் முறை பதிவு செய்யும்போதே சர்க்கரை பார்க்க வேண்டும். சென்னையில் வீ. சேஷய்யா வகுத்த முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரத்தில் 140 அல்லது மேல் என்றால் கர்ப்ப காலச் சர்க்கரை. 24 முதல் 28 வாரத்தில் மறுபடியும். இரண்டாவது சோதனையில் மட்டும் கண்டுபிடித்தால் ஆஸ்பிரினுக்கான காலம் போயிருக்கும்.

கால்சியம் மாத்திரையைச் சத்து மாத்திரை என்று அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 500 மி.கி. எடுத்தவர்களுக்கும் 1500 மி.கி. எடுத்தவர்களுக்கும் முன்சூல்வலிப்பு ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தது. ஒரு மாத்திரையாவது தவறாமல் போட வேண்டும். இரும்பு மாத்திரையிலிருந்து 2 மணி நேரம் தள்ளி.

தாய்வீடு போகும் பெண் பிக்மி எண்ணையும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எல்லா ஸ்கேன் தாள்களையும் எடுத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் காட்ட வேண்டும். மாதம் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் சிறப்புப் பரிசோதனை இதற்குத் தோதான நாள். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று அப்பத்தா சொல்வது பாதி உண்மை. வீக்கம் மட்டும் நோயல்ல. வீக்கத்தோடு தலைவலி, கண் மங்கல், வலது மார்புக்கூட்டுக்குக் கீழ் வலி, குழந்தையின் அசைவு குறைவு என்று எது சேர்ந்தாலும் அன்றிரவே கிளம்ப வேண்டும். அந்த வலியை வாய்வு என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருந்து இழந்த மணி நேரங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

பிறந்த பிறகு குழந்தைக்குச் சர்க்கரை 45-க்குக் கீழ் இறங்கலாம், இரண்டு எதிரெதிர் காரணங்களால். சர்க்கரைத் தாயின் பெரிய குழந்தைக்கு இன்சுலின் கூடுதல். சிறுத்த குழந்தைக்குச் சேமிப்பே இல்லை. இருவருக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், பின் வேளாவேளைக்குக் குதிகால் இரத்தத்தில் அளவு. சேனை தொட்டு வைப்பது இதற்கு மாற்றல்ல. தாய்க்கு, நஞ்சுக்கொடி வெளியேறிய சில மணி நேரத்தில் இன்சுலின் தேவை சரிந்துவிடும். பழைய அளவைத் தொடர்ந்தால் தாழ்சர்க்கரை. பிரஷரோ எதிர்மாறாக 3 முதல் 6-ஆம் நாளில் உச்சம் தொடலாம். வலிப்பும் அப்போது வரலாம். பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்ப் பத்தியச் சாப்பாட்டில் இருக்கும் நாட்கள் அவை. வீட்டுக்கே வந்து செவிலியர் பிரஷர் பார்க்க ஏற்பாடு வேண்டும். கர்ப்பத்தில் கூடாத எனலாப்ரில் பால் கொடுக்கும்போது கொடுக்கத் தக்கதே. 6 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை மறுபடியும். 12 வாரத்துக்குப் பின்னும் பிரஷர் இறங்காவிட்டால் அது நிரந்தர இரத்த அழுத்தம். இறங்கியவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பது நிற்கக் கூடாது. அடுத்த கர்ப்பம் தரித்ததும் முதல் சந்திப்பிலேயே, 12 வாரத்துக்குள், இந்தப் பழைய தாளை மருத்துவர் முன் வைக்க வேண்டும்.